அட்டவணைக்கு வெளியே இருக்கும் அறிவு

1985ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் திகதி பிறந்த ஒரு பெண்ணின் பழைய இலங்கைத் தேசிய அடையாள அட்டை இலக்கம் 85715 என்று தொடங்கும். 85 என்பது பிறந்த ஆண்டு. 715இலிருந்து 500ஐக் கழித்தால் 215 வரும்; அட்டைக்குரியவர் பெண் என்பதைக் காட்டவே அந்த 500 கூட்டப்பட்டிருக்கிறது. ஆகவே அவர் பிறந்தது ஆண்டின் 215ஆவது நாள். இந்தக் கணக்கை இன்றைய எந்தக் கணினி மொழியிலும் இரண்டு வரியில் எழுதிவிடலாம். எழுதிப் பார்த்தால் விடை ஆகஸ்ட் 3 என்று வரும். ஒரு நாள் பிசகிவிடும்.

பிசகு கணினியிலும் இல்லை, அட்டையிலும் இல்லை. அடையாள அட்டை முறையில் பெப்ரவரி மாதத்துக்கு எல்லா ஆண்டுகளிலும் 29 நாள். லீப் ஆண்டானாலும் ஆகாவிட்டாலும் மார்ச் 1ஆம் திகதி 61ஆவது நாள்தான். அதனால் கையால் கணக்குப் பார்க்கும் ஒருவருக்கு எல்லா ஆண்டுகளுக்கும் ஒரே நாள் அட்டவணை போதும். கணினியின் நாட்காட்டியோ 1985இன் பெப்ரவரியை 28 நாளோடு முடித்துக்கொள்கிறது. லீப் ஆண்டில் பிறந்தவர்களுக்கும், மற்ற ஆண்டுகளில் முதல் இரண்டு மாதங்களில் பிறந்தவர்களுக்கும் இரண்டு கணக்கும் ஒத்துப்போகும். சோதித்துப் பார்ப்பவரின் கண்ணில் அந்த இலக்கங்கள் மட்டும் பட்டால் பிழை தெரியவே தெரியாது.

கொழும்பில் ஒரு பழைய தரவுத்தளத்தைத் திறந்து, அதன்மேல் புதிய வலைச்செயலி ஒன்றைக் கட்ட உட்காருகிற எந்த நிரலாளரும் இந்தப் பெப்ரவரியைச் சந்தித்தே ஆகவேண்டும். அடையாள அட்டை இலக்கம் என்று பெயரிட்ட புலத்தில் இலக்கம் இருக்கிறது. அதை எப்படி வாசிப்பது என்ற விதி அந்தப் புலத்தில் இல்லை. விதியை அறிந்தவர்கள் அலுவலகங்களிலும் கடைகளிலும் இருந்தார்கள், இருக்கிறார்கள். பழைய தரவைப் புதிய இணையத்தோடு இணைக்கும் வேலையின் முழுக் கடினமும் இதில்தான் அடங்கியிருக்கிறது: அட்டவணையின் வடிவத்தை இயந்திரம் வாசித்துவிடும். அதன் பொருளை மனிதர்தான் சொல்லவேண்டும்.

இரண்டு பரம்பரைகள்

இணைக்கப்படும் இரண்டு பக்கங்களும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நோக்கத்துக்காகப் பிறந்தவை.

தரவுத்தளத்தின் பரம்பரை 1970இல் தொடங்குகிறது. ஐபிஎம் நிறுவனத்தின் கலிபோர்னிய ஆய்வுகூடத்தில் பணியாற்றிய எட்கர் கோட் என்ற ஆங்கிலேயக் கணிதர், தரவை அட்டவணைகளாக வைத்துக்கொள்ளும் முறையை அந்த ஆண்டு ஒரு கட்டுரையில் முன்வைத்தார். தரவு வட்டில் எந்த இடத்தில், எந்த வரிசையில் கிடக்கிறது என்று அதைப் பயன்படுத்துபவருக்குத் தெரியவேண்டிய அவசியம் இருக்கக்கூடாது என்பது அவருடைய அடிப்படைக் கருத்து. ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்ட ஒரு முதன்மைச் சாவி. ஓர் அட்டவணை இன்னொன்றைச் சுட்ட ஓர் அந்நியச் சாவி. எங்கள் பாடசாலைகளில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைகள் இன்று மனப்பாடம் செய்யும் இந்தச் சொற்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவை.

பிரேம்வேர்க் எனப்படும் வலைச் சட்டகத்தின் கதை முப்பது ஆண்டுகள் பிந்தியது. இணையத்தளம் கட்டும் ஒவ்வொருவரும் உள்நுழைவு, படிவம், தேடல், பக்கம் பிரித்தல் என்று ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப எழுதவேண்டியிருந்தது. அந்தப் பொது வேலைகளை முன்கூட்டியே செய்து கையில் கொடுப்பதுதான் சட்டகம். ஜாங்கோ என்ற சட்டகம் 2003இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் உருவானது. 'லோரன்ஸ் ஜேர்னல் வேர்ல்ட்' பத்திரிகையின் இணையப் பிரிவில் வேலைசெய்த ஏட்ரியன் ஹொலொவாட்டியும் சைமன் வில்லிசனும், சில மணித்தியாலங்களுக்குள் முடிக்கவேண்டிய செய்தித்தளங்களுக்காக அதை எழுதினார்கள். 2005இல் அது எல்லோருக்கும் பொதுவாக வெளியிடப்பட்டது. 2004இல் ரூபி ஒன் ரெயில்ஸ் வந்தது, 2011இல் லாரவெல் வந்தது.

இந்தச் சட்டகங்கள் ஒவ்வொன்றிலும் ஓஆர்எம் என்ற பகுதி ஒன்று உண்டு. அட்டவணையின் ஒரு வரியை எடுத்து, நிரலாளர் கையாளக்கூடிய ஒரு பொருளாக அது தருகிறது. அந்தப் பொருளில் செய்த மாற்றத்தைத் திரும்ப வரியாக எழுதிவைக்கிறது. இது சரியாக நடப்பதற்குச் சட்டகம் சில எதிர்பார்ப்புகளை வைத்திருக்கிறது. வழக்கமாக ஒவ்வொரு அட்டவணைக்கும் ஒரே புலத்தில் அமைந்த ஒரு முதன்மைச் சாவி இருக்கவேண்டும். பெயர்கள் ஒழுங்கு மாறாமல் அமையவேண்டும். ரெயில்ஸ் ஒரு படி மேலே போய், அட்டவணையின் பெயர் பன்மையில் இருக்கும் என்றும் எடுத்துக்கொள்கிறது. புதிதாகக் கட்டும் தளத்தில் இந்த எதிர்பார்ப்புகள் நிரலாளரின் நேரத்தைப் பெரிதும் மிச்சப்படுத்தும். முப்பது வருடத் தரவின் முன் வந்து நிற்கும்போது ஒவ்வொன்றும் ஒரு கேள்வியாகிவிடும்.

கொட்டாஞ்சேனையில் ஒரு கடை

கேள்விகள் எப்படிப்பட்டவை என்று பார்க்க, கொட்டாஞ்சேனையில் ஓர் அடகுக்கடையைக் கற்பனை செய்துகொள்வோம். 1990களின் நடுவில் யாரோ ஒரு தெரிந்த பையன் பொக்ஸ்புரோவில் எழுதிக்கொடுத்த மென்பொருளில் கடையின் கணக்கு ஓடுகிறது. பொக்ஸ்புரோவின் வளர்ச்சியை மைக்ரோசொப்ட் 2007இல் நிறுத்திவிட்டது. ஆனாலும் கடை நடக்கிறது, கணக்கும் பிசகவில்லை. இப்போது முதலாளியின் மகள், வாடிக்கையாளர் தம் அடகின் நிலையைக் கைத்தொலைபேசியிலேயே பார்க்கவேண்டும் என்கிறார். வெள்ளவத்தையில் புதிதாகத் திறந்த கிளையும் அதே கணக்கைப் பார்க்கவேண்டும்.

ஜாங்கோ பொக்ஸ்புரோவின் கோப்புகளை நேராகப் படிக்காது. ஆகவே முதலில் தரவைப் போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்கியூஎல் போன்ற ஒரு தரவுத்தளத்துக்குப் பிரதி எடுக்கவேண்டும். அதற்குப் பிறகு 'இன்ஸ்பெக்ட் டிபி' என்ற கட்டளையைக் கொடுத்தால், ஜாங்கோ அங்குள்ள ஒவ்வோர் அட்டவணையையும் பார்த்து, அதற்கு ஒத்த வரைவைத் தானே எழுதித் தந்துவிடும். அந்த வரைவில் மூன்று நல்ல பழக்கங்களைக் காணலாம். இந்த அட்டவணைகளின் அமைப்பைத் தான் மாற்றமாட்டேன் என்று அது குறித்துவைக்கிறது. ஒரு வரி அழிந்தால் தொடர்புடைய மற்ற வரிகளில் தானாகக் கைவைக்காமல் விட்டுவிடுகிறது. ஒரு புலத்தின் வகை புரியாவிட்டால், இது வெறும் ஊகம் என்று பக்கத்திலேயே எழுதிவிடுகிறது.

வரைவைத் திறந்தால் புலங்களின் பெயர்கள் எல்லாம் வெட்டுப்பட்டுக் கிடக்கும். பொக்ஸ்புரோ பயன்படுத்தும் பழைய டிபேஸ் வகைக் கோப்புகளில் புலத்தின் பெயர் பத்து எழுத்தைத் தாண்டக்கூடாது. அதனால் பல சொற்கள் சேர்ந்த பெயர்களில் 'கஸ்டமர்' பாதியாகி 'கஸ்ட்' ஆகியிருக்கும், 'டிக்கெட்' என்பது 'டிகேடி' என்று குறுகியிருக்கும். இது எளிதில் தீரும். சட்டகத்துக்குள் தெளிவான பெயரை வைத்துக்கொண்டு, தரவுத்தளத்தில் அதன் பழைய பெயர் இது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

சாவி இல்லாமை அப்படி எளிதில் தீராது. அந்தக் காலத்துக் கோப்புகளில் முதன்மைச் சாவி அறிவிக்கப்படாமலே இருக்கும். கிளை இலக்கமும் சீட்டு இலக்கமும் சேர்ந்துதான் ஓர் அடகைக் குறிக்கும் என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும், கோப்புக்குத் தெரியாது. ஜாங்கோவோ சாவி எதுவும் சொல்லப்படாவிட்டால் 'ஐடி' என்றொரு புலம் இருக்கும் என்று தானே நினைத்துக்கொண்டு தேடப்போய் பிழையோடு திரும்பும். இரண்டு புலம் சேர்ந்த கூட்டுச் சாவியை ஏற்கும் வசதி, 2025இல் வந்த ஜாங்கோவின் 5.2ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முன் இருபது ஆண்டுகளாக இந்த இடத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு சுற்றுவழியில் போனார்கள்.

இவற்றையெல்லாம் தீர்த்த பிறகு 'நிலை' என்று ஒரு புலம் மிஞ்சும். ஒரேயோர் எழுத்துக்கு மட்டும் இடமுள்ள புலம். அதில் ஏ, ஆர், எஃப் என்று எழுத்துகளும், சில வரிகளில் 9 என்ற இலக்கமும் இருக்கின்றன. ஏ என்றால் நகை அடகில் இருக்கிறது, ஆர் என்றால் மீட்கப்பட்டது, எஃப் என்றால் ஏலத்துக்குப் போனது. 9? கடையில் இருபது வருடம் வேலைசெய்த அண்ணரைக் கேட்டால் சொல்வார்: "அது ஆள் வெளிநாட்டுக்குப் போனது தம்பி. வட்டி சொந்தக்காரர் வந்து கட்டுவினம். தவணை பிந்தினாலும் ஏலத்தில போடக்கூடாது." அவரைக் கேட்காமல் எழுதிய புதிய வலைச்செயலி, தவணை கடந்த எல்லாச் சீட்டுக்கும் தானாக ஏல அறிவித்தல் அனுப்பிவிடும். ஒரு தாயின் தாலிக்கொடி அப்படி ஏலத்துக்குப் போகலாம். சட்டகத்தின் கணக்கில் அங்கே எந்தப் பிழையும் நடக்கவில்லை.

இலக்கமாகத் தெரிவதெல்லாம் இலக்கமல்ல

கொழும்பு 6 என்ற வெள்ளவத்தையின் அஞ்சல் குறியீடு 00600. கொழும்பு 13 என்ற கொட்டாஞ்சேனையின் குறியீடு 01300. பழைய தரவைக் கடத்தும் கருவி இந்தப் புலத்தைப் பார்த்து, எல்லாமே இலக்கங்கள்தானே என்று அதை எண் வகையாக எடுத்துக்கொண்டால், வெள்ளவத்தை 600 ஆகிவிடும், கொட்டாஞ்சேனை 1300 ஆகிவிடும். தொலைபேசி இலக்கங்களின் முன்னால் உள்ள பூச்சியமும் அதேபோல் உதிர்ந்துவிடும். கூட்டவோ பெருக்கவோ போகாத எதையும் எண்ணாகச் சேமிக்கக்கூடாது என்பது தரவுத்தளக்காரரின் பழைய பாடம். குறியீடு என்பது இலக்கத்தில் எழுதப்பட்ட பெயர்.

அடையாள அட்டை இலக்கத்தில் இந்தப் பாடம் இன்னும் ஆழமாகப் போகிறது. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் 'வீ' அல்லது 'எக்ஸ்' என்ற எழுத்தும் இருந்தன. ஆண்டுக்கு இரண்டே இலக்கம். 2000ஆம் ஆண்டில் பிறந்த பிள்ளைகள் அட்டை எடுக்கும் வயதை எட்டியபோது அந்த இரண்டு இலக்கம் போதாமல் போனது. 2016 ஜனவரி முதல் பன்னிரண்டு இலக்க முறை வந்தது. பழையதைப் புதிய வடிவில் எழுதும் விதி நேரானது: முன்னால் 19 சேர்த்து, பிறந்த நாளைக் காட்டும் மூன்று இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியத்தை நுழைத்து, கடைசி எழுத்தை விட்டுவிட வேண்டும். புதியதிலிருந்து பழையதற்குத் திரும்பும்போது மட்டும் அந்த எழுத்து எது என்று இலக்கத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

அடையாள அட்டை இலக்கத்தையே வாடிக்கையாளரின் முதன்மைச் சாவியாக வைத்த பழைய தரவுத்தளத்தில் இதன் விளைவைக் காணலாம். 2010இல் வந்தபோது ஒரு வரி, 2019இல் புதிய அட்டையோடு வந்தபோது இன்னொரு வரி என்று ஒரே மனிதர் இரண்டு பேராகியிருப்பார். எழுத்தர் ஒருநாள் பெரிய 'வீ'யையும் மறுநாள் சிறிய 'வீ'யையும் தட்டியிருந்தால் இன்னொரு வரியும் சேரலாம். மைஎஸ்கியூஎல் வழக்கமாகப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றென்று கொள்ளும். போஸ்ட்கிரெஸ் இரண்டையும் வேறு வேறாகவே பார்க்கும். தரவுத்தளத்தை மாற்றிய நாளிலேயே ஒருவர் இருவராகவோ, இருவர் ஒருவராகவோ ஆகக்கூடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. வலைச் சட்டகங்கள் முதன்மைச் சாவியைப் பக்கத்தின் முகவரியிலேயே எழுதும் வழக்கமுள்ளவை. அடையாள அட்டை இலக்கம் முகவரியில் ஏறிவிட்டால், அதை வாசிக்கத் தெரிந்தவருக்கு அந்த மனிதரின் பிறந்த நாளும் அவர் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். ஆகவே புதிய அமைப்பில் பொருளேதும் இல்லாத ஒரு சாவியைத் தனியாக உருவாக்கிக்கொண்டு, அட்டை இலக்கத்தை ஒரு சாதாரணப் புலமாக வைப்பதே நல்லது. அதன் பழைய வடிவம், புதிய வடிவம் இரண்டுக்கும் இடம் இருக்கவேண்டும்.

கடலும் குடலும்

தமிழில் எழுதப்பட்ட பழைய தரவு இதைவிடக் கடினமானது. இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் ஒரு முழுத் தலைமுறை பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்தது. பாமினியில் எழுதியபோது திரையில் தமிழ் தெரிந்தது; கணினிக்குள் சேர்ந்ததோ ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும். 'தமிழ்' என்ற சொல் உள்ளே ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்று கிடக்கும். அவற்றைத் தமிழாகக் காட்டியது எழுத்துரு. ஒரு புலம் பாமினியில் இருக்கிறது என்ற தகவல் பழைய மென்பொருளின் திரைப் படிவத்தில் மட்டும் இருந்தது, தரவில் இல்லை. படிவத்தைக் கழற்றிவிட்டு அட்டவணையை மட்டும் எடுத்து வந்தால், வலைப்பக்கத்தில் வாசிக்க முடியாத ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும்.

பாமினியில் பெரிய ஆங்கில எழுத்துக்கும் சிறிய ஆங்கில எழுத்துக்கும் வெவ்வேறு தமிழ் எழுத்துகள். சிறிய எஃப் 'க', பெரிய எஃப் 'கு'. சிறிய ஜி 'ப', பெரிய ஜி 'பு'. பெரிதையும் சிறிதையும் ஒன்றாகப் பார்க்கும் தரவுத்தளத்தில் இதைப் போட்டால் 'கடல்' என்று தேடியவருக்குக் 'குடல்' என்பதும் வரும், 'பலி' என்று தேடியவருக்குப் 'புலி'யும் வரும். ஒரே பெயர் இருமுறை வரக்கூடாது என்று அந்தப் புலத்தில் கட்டுப்பாடு வைத்திருந்தால், இரண்டு வேறு சொற்களில் ஒன்றைத் தரவுத்தளம் ஏற்கவே மறுக்கும்.

ஆகவே யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆகவேண்டும். 1991இல் வந்த யூனிகோடின் முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டது. இலங்கையும் தமிழுக்கான எஸ்எல்எஸ் 1326 என்ற தரத்தை 2008இல் வெளியிட்டது. மாற்றும்போது ஒழுங்கும் மாறும். பாமினியில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பு, ககரம், கால் என்று மூன்று குறியாகக் கிடக்கும். யூனிகோடில் முதலில் ககரம், அதன் பின் ஒகர உயிர்க்குறி. அந்த உயிர்க்குறியையும் ஒரே குறியீடாக எழுதலாம். கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் 'கொ'தான். கணினியோ குறியீட்டுக்குக் குறியீடு ஒப்பிட்டு இரண்டும் வேறு என்று சொல்லும். எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் சீராக்கலைச் செய்யாவிட்டால், ஒரே பெயர் தேடலில் பாதி கிடைக்கும், பாதி கிடைக்காது.

அளவும் மாறும். 'கொழும்பு' பாமினியில் ஏழு குறி, ஏழு பைட். யூனிகோடில் எட்டுக் குறியீடு. இணையத்தில் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் என்பதால் மொத்தம் 24 பைட். பைட் கணக்கில் 20 என்று அகலம் வைத்த பழைய புலத்தில் கொழும்பு தாராளமாக அடங்கியது. மாற்றிய பிறகு அதே அகலத்தில் அது அடங்காது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளமே 2018இல் வந்த 8.0 பதிப்பில்தான் உலக மொழிகள் அனைத்தையும் ஏற்கும் குறிமுறையை இயல்பாக வைத்துக்கொண்டது; அதுவரை மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறிமுறையே அதன் இயல்பு.

ஒரே புலத்தில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருந்தால் மாற்றும் கருவி ஆங்கிலச் சொல்லையும் பாமினி என்று நினைத்துத் தமிழாக்கிவிடும். எது எந்த மொழி என்று வரிக்கு வரி பார்த்துச் சொல்ல, அந்தப் பெயர்களையும் தெருக்களையும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். வெள்ளவத்தையில் ஹை ஸ்ட்ரீட் என்று பழைய வரியிலும் டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை என்று புதிய வரியிலும் இருப்பது ஒரே வீதி என்பதை எந்தச் சட்டகமும் தானே அறிந்துகொள்ளாது. பெயர் விடயத்திலும் இதே கதைதான். ஜாங்கோவின் இயல்பான பயனர் அட்டவணை முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கிறது. தந்தையின் பெயரை முன்னால் வைத்து, தன் பெயரைப் பின்னால் எழுதும் எங்கள் வழக்கம் அந்தப் பெட்டிகளில் தலைகீழாகிவிடும். 'முதற்பெயர்' என்று சொல்லி அழைத்தால் தந்தையைத்தான் அழைக்கிறோம்.

தோம்பு சொல்லும் பாடம்

தரவின் ஆயுள் மென்பொருளின் ஆயுளைவிடப் பெரியது. இதற்குக் கொழும்பிலேயே தெளிவான சான்று இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, தான் ஆண்ட கரையோரப் பகுதிகளில் குடிகளையும் காணிகளையும் பதிந்து தோம்புகள் எனப்படும் பதிவேடுகளை எழுதியது. தலைத் தோம்பில் குடும்பத்தின் தலைவர், மனைவி, பிள்ளைகள், உறவினர். காணித் தோம்பில் அந்தக் குடும்பத்தின் தோட்டமும் வயலும், நிற்கும் மரங்களும். ஒன்று மக்களுக்கான அட்டவணை, மற்றது நிலத்துக்கான அட்டவணை. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் யார் எதை வைத்திருந்தார் என்பது விளங்கும். அந்நியச் சாவி என்ற சொல் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்த எண்ணம் கொழும்பில் மையால் எழுதப்பட்டிருந்தது.

இன்று அவை தேசிய சுவடிகள் காப்பகத்தில் இருக்கின்றன. நெதர்லாந்தின் வரலாற்று ஆய்வாளர்கள் அவற்றிலுள்ள குடும்பங்களைக் கணினித் தரவுத்தளமாக்கி ஆராய்ந்திருக்கிறார்கள். உள்ளூர் மக்களின் பெயர்கள் ஒல்லாந்த எழுத்துக்கூட்டலில் எழுதப்பட்ட பதிவேடு அது. எந்தப் பெயர் எந்தப் பெயரோடு ஒன்று, ஓரத்தில் பின்னாளில் சேர்த்த குறிப்பு எதைக் குறிக்கிறது என்பதையெல்லாம் கேட்பதற்கு எழுத்தர் யாரும் உயிரோடு இல்லை. எங்களுடைய 1990களின் கோப்புகளுக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. எழுதியவர்கள் இருக்கிறார்கள், கேட்கலாம்.

இணைக்கும் வழி

கேட்டறிந்த பிறகு எப்படி இணைப்பது? அனுபவம் உள்ளவர்கள் ஒரு வரிசையைச் சொல்கிறார்கள், அந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது.

முதலில் வாசிக்க மட்டும் அனுமதி பெற்ற ஒரு கணக்கால் பழைய தரவுத்தளத்துக்குள் போகவேண்டும். எழுதும் உரிமை இல்லாத கணக்கு எந்த நிரல் பிழையாலும் தரவைக் கெடுக்க முடியாது. கடை பழைய மென்பொருளிலேயே நடந்துகொண்டிருக்கும்; புதிய தளம் நிலையைக் காட்ட மட்டும் செய்யும். இந்தக் கட்டத்தில் புதிய தளம் காட்டும் கூட்டுத்தொகையும் பழைய மென்பொருள் அச்சிடும் கூட்டுத்தொகையும் நாள்தோறும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கவேண்டும். ஒத்துப்போகாத ஒவ்வொரு நாளும் யாரும் சொல்லாத ஒரு விதியை வெளிக்கொண்டுவரும்.

அடுத்து, இரண்டுக்கும் நடுவில் ஓர் அடுக்கு. தரவுத்தளத்துக்குள்ளேயே 'வியூ' எனப்படும் பார்வை அட்டவணைகளை உருவாக்கி, வெட்டுப்பட்ட பெயரையும் ஒற்றை எழுத்துக் குறியீட்டையும் அங்கேயே தெளிவாக்கலாம். சட்டகம் அந்தத் தெளிவான முகத்தை மட்டும் பார்க்கும். மென்பொருள் வடிவமைப்பாளர் எரிக் எவான்ஸ் 2003இல் எழுதிய நூலில் இத்தகைய அடுக்குக்கு ஒரு பெயரே வைத்தார். பழையதின் குழப்பம் புதியதுக்குள் கசியாமல் தடுப்பது அதன் வேலை. 9 என்றால் ஏலத்தில் போடக்கூடாது என்ற விதி, நிரல் முழுதும் இறைந்து கிடக்காமல் அந்த அடுக்கில் ஒரே இடத்தில் இருக்கும்.

பிறகு ஒவ்வொரு வேலையாகப் புதியதுக்கு மாற்றலாம். மார்ட்டின் பவுலர் என்ற மென்பொருள் அறிஞர் அவுஸ்திரேலியாவின் காட்டில், வேறு மரத்தின் உச்சியில் முளைத்து, வேரைக் கீழே இறக்கி, மெல்லத் தானே மரமாகிவிடும் அத்தி இனத்தைப் பார்த்து இந்த முறைக்குப் பெயரிட்டார். எங்களுக்கு அதைக் காட்ட அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. பனையில் முளைத்த ஆலை யாழ்ப்பாணத்தில் பார்க்கலாம். புதியது நிலத்தில் வேரூன்றும்வரை பழையதுதான் அதைத் தாங்கி நிற்கிறது.

ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றப்போனால் என்ன நடக்கும் என்பதை பிரித்தானியாவின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் கண்டது. சுமார் ஐம்பது இலட்சம் வாடிக்கையாளரின் கணக்குகளை ஒரு வார இறுதியில் பழைய அமைப்பிலிருந்து புதியதுக்கு நகர்த்தினார்கள். தரவு போய்ச் சேர்ந்தது, அமைப்பு தாங்கவில்லை. பெருந்தொகையானோர் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். அந்நாட்டு ஒழுங்குபடுத்துநர்கள் 2022 டிசம்பரில் வங்கிக்கு 4 கோடியே 86 இலட்சத்து 50 ஆயிரம் பவுண் அபராதம் விதித்தார்கள்.

நல்ல எடுத்துக்காட்டு எங்கள் நாட்டிலேயே இருக்கிறது. 2020 ஜனவரி 27ஆம் திகதி இலங்கையில் முதலாவது கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். அந்த நாட்களிலேயே சுகாதார அமைச்சும் ஹிஸ்ப் ஸ்ரீலங்கா குழுவும், ஒஸ்லோ பல்கலைக்கழகம் பராமரிக்கும் டிஎச்ஐஎஸ்2 என்ற திறந்த வலை மேடையில் வெளிநாட்டிலிருந்து வருவோரைப் பதிந்து கண்காணிக்கும் வழியை அமைத்தன. நாட்டுக்குள் வருவோரின் விவரம் குடிவரவுப் பக்கத்தில் ஏற்கனவே இருந்தது. அதைச் சுகாதாரப் பக்கத்தோடு இணைக்கும் வேலையும் தொடர்ந்தது, உள்ளூர் நிரலாளர்கள் தன்னார்வமாக அதில் கைகொடுத்தார்கள். பழையதை இடித்துக் கட்ட அப்போது நேரமே இல்லை. தேவையானதை மட்டும் கொண்டுவரும் இணைப்புத்தான் வழி. இலங்கையில் அமைத்த அந்த வடிவம் பின்னர் உலகின் பல நாடுகளுக்கு மாதிரியாகப் போனது.

கதவு திறக்கும்போது

இணைப்பு ஒரு பொறுப்பையும் கொண்டுவருகிறது. கொட்டாஞ்சேனைக் கடையின் கணினி இதுவரை ஓர் அறைக்குள் பூட்டப்பட்டிருந்தது. அந்தப் பூட்டுத்தான் அதன் பாதுகாப்பு. வலையோடு இணைத்த கணத்திலிருந்து உலகம் முழுவதும் அதன் வாசலில் நிற்கிறது. பழைய மென்பொருள் கடவுச்சொல்லை அப்படியே எழுதிவைத்திருக்கலாம். எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல்லாகவும் இருக்கலாம். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு வைத்திருப்பவரைத் தரவுக்குப் பொறுப்பாளியாகக் கொள்கிறது. இருபது வருடத்துக்கு முன் வந்துபோனவரின் அட்டை இலக்கமும் முகவரியும் இணையத்தளத்துக்குத் தேவையா என்று முதலில் கேட்கவேண்டும். தேவையில்லாத புலத்தைப் பார்வை அட்டவணையில் சேர்க்காமல் விடுவதே மிகச் சிறந்த பாதுகாப்பு. சட்டகத்துக்குத் தெரியாத புலம் சட்டகத்தின் வழியாக வெளியே போகாது.

இன்று கொழும்பில் எத்தனையோ கடைகள், பாடசாலைகள், ஆலயங்கள், சங்கங்கள் இப்படிப்பட்ட கோப்புகளை வைத்திருக்கின்றன. அவற்றை எழுதிய கைகளும் அவற்றின் குறியீடுகளை அறிந்த மனிதர்களும் ஓய்வுபெறும் வயதில் இருக்கிறார்கள். பலர் கனடாவுக்கும் இலண்டனுக்கும் போய்விட்டார்கள். நிரலை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எழுதலாம், சட்டகத்தையும் பத்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். 9 என்றால் என்ன என்பதை அந்த அண்ணர் போனபின் யாரிடமும் கேட்க முடியாது.

ஆகவே இந்த வேலையைத் தொடங்கும் இளம் நிரலாளர் முதல் வாரத்தில் ஒரு வரி நிரலும் எழுதவேண்டியதில்லை. வரைவை அச்சடித்துக்கொண்டு, அந்தக் கோப்போடு வாழ்ந்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு புலத்துக்கும் இரண்டு கேள்வி கேட்டால் போதும்: இதில் என்ன எழுதுவீர்கள்? எப்போது வழக்கத்துக்கு மாறாக எழுதுவீர்கள்? இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் தங்கம். அந்தப் பதிலைத் தன் குறிப்பேட்டில் வைத்துக்கொள்ளாமல் தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதிவிடவும் இப்போது வழி இருக்கிறது. பல தரவுத்தளங்கள் ஒவ்வொரு புலத்தோடும் ஒரு விளக்கக் குறிப்பைச் சேமிக்கும். ஜாங்கோவும் 2023இல் வந்த 4.2ஆம் பதிப்பிலிருந்து அந்தக் குறிப்பை நேராக எழுதவிடுகிறது. அடையாள அட்டைப் புலத்தில் 'பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள்' என்றும், நிலைப் புலத்தில் '9: வெளிநாடு, ஏலம் கூடாது' என்றும் தமிழிலேயே எழுதலாம். தரவு எங்கே போனாலும் பொருளும் அதோடு போகட்டும். முப்பது வருடம் கழித்து இதே தரவை இன்னும் பிறக்காத ஏதோ ஒரு சட்டகத்தோடு இணைக்கப்போகும் பிள்ளைக்கு நாங்கள் விட்டுப்போகக்கூடிய மிகப் பெரிய உதவி அந்த ஒற்றை வரிதான்.